ரப்பர்ப் பாலும் தேங்காய் எண்ணெயும்

கேரளத்தின் தென் எல்லையில் உள்ள பாறசாலையிலிருந்து வடகிழக்கே குன்னத்துக்கால், வெள்ளறடை என்று மேடேறிப் போனால், விடியலுக்கு முந்திய இருட்டில் மரங்களுக்கிடையே சின்னச் சின்ன வெளிச்சங்கள் நகரும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டுகிறவர்கள். ரப்பர் மரத்தின் பட்டைக்கும் தடிக்கும் நடுவே உயிருள்ள மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. கத்தி அதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் திரும்ப வளரும். எந்த அடுக்கு எவ்வளவு தாங்கும் என்பதே அந்தத் தொழிலின் முதல் பாடம்.

அதே புரையிடத்தில் தென்னையும் நிற்கும். தலைக்கு, தாளிப்புக்கு, பிள்ளையைக் குளிப்பாட்ட, வெடித்த குதிகாலுக்கு என எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான். இந்த மண்ணின் இரண்டு பெரிய விளைச்சல்களும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. ரப்பர் என்பது கரிமமும் ஹைட்ரஜனும் கோத்த மிக நீண்ட சங்கிலிகள். நீர் அவற்றுக்கிடையே நுழையாது, எண்ணெய் நுழையும். நுழைந்து சங்கிலிகளை விலக்கும். ரப்பர் ஊதி, நொய்ந்துபோகும். 1989-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆணுறையின் ரப்பர் படலத்தில் கனிம எண்ணெய் பட்டு 60 விநாடியில் அதன் வலிமையில் ஏறத்தாழ 90% போய்விட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, இழுத்தால் கிழியும். தேங்காய் எண்ணெய், வாசலின், பேபி ஆயில், முகத்துக்குப் பூசும் கிரீம் எல்லாமே ரப்பருக்குப் பகைதான்.

இந்த வேதியியல் மிகக் கடுமையாக உதைக்கும் இடம் ஆசனவாய் வழிப் புணர்ச்சி. யோனியில் வழுவழுப்பு தானாக ஊறும். ஆசனவாயில் ஊறாது. ஆகவே எதையாவது தடவியாக வேண்டும். வீட்டில் கைக்கெட்டும் குப்பியில் இருப்பது தேங்காய் எண்ணெய். உறை எங்கே மிகவும் தேவையோ, அங்கேயே அது கிழிய வழி செய்துவிடுகிறோம்.

பாறசாலைக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம் வடக்கே, திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் ஆணுறைத் தொழிற்சாலை ஒன்று உண்டு. 1966-ல் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் லேடக்ஸ் நிறுவனம், ஜப்பானின் ஒகமோட்டோ நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1969-ல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. நாடெங்கும் தெரிந்த பெயர் ‘நிரோத்’. அன்று அதற்கு ஒரே வேலை, பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடுவது. 1986-ல் இரண்டாவது வேலை வந்து சேர்ந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ஆய்வு மாணவி செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடமிருந்து ரத்த மாதிரிகள் திரட்டினார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது அவற்றுள் சிலவற்றில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. இந்தியாவில் அந்தக் கிருமி முதன்முதலில் பிடிபட்டது அப்போதுதான்.

அதன் பிறகு நாற்பது ஆண்டுகளாகச் சுவரெழுத்தும் தெருக்கூத்தும் துண்டறிக்கையும் வந்தன. ‘பாதுகாப்பான உறவு’ என்ற சொல் ஊர் ஊராகப் போயிற்று. எந்த உறவில் எவ்வளவு ஆபத்து, ஏன் என்ற விவரம் மட்டும் பொதுவெளியில் வாய்விட்டுச் சொல்லப்படவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கும் கூச்சம், கேட்க வேண்டியவர்களுக்கும் கூச்சம். ஆசனவாய் வழி உறவை ஆணும் ஆணும் மட்டும் செய்கிற காரியம் என்று ஒதுக்கிவிடுவதும் எளிதாக இருந்தது. உண்மையில் ஆண்–பெண் இணைகளிடமும் அது உண்டு. கரு தங்காது என்ற எண்ணத்தில், கன்னித்தன்மை குலையாது என்ற எண்ணத்தில், கைப்பேசியில் பார்த்ததைச் செய்துபார்க்கும் ஆவலில். கரு தங்காது என்பதால் உறையும் வேண்டாம் என்று முடிவாகிவிடுகிறது. ஆபத்துக்கு வாசல் அங்கே திறக்கிறது.

இரட்டைக் கயிற்றுச் சுருக்குப்பை

பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசனவாய் அதுபோன்றது, கயிறு மட்டும் இரண்டு. வெளிக்கயிறு நம் சொல் கேட்கும் தசை. அவசரம் வந்தும் பேருந்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதன் தயவால். உள்கயிறு நம் சொல் கேட்காது. இரவும் பகலும், தூக்கத்திலும், தானாகவே இறுக்கிக்கொண்டிருக்கும். மூடியிருக்கும் பலத்தில் பெரும்பங்கு இதனுடையது. வெளித்தசையைத் தளர்த்திவிட்டால் போதும் என்று நினைத்து அவசரப்பட்டால், உள்தசை மேலும் இறுகும். இறுகிய தசையின் மேல் உள்ள தோல் கிழியும். அந்த வெடிப்பின் வலியில் தசை இன்னும் சுருங்கும். சுருங்கினால் அங்கே ரத்த ஓட்டம் குறையும். குறைந்தால் காயம் ஆறாது. மலச்சிக்கலால் வரும் வெடிப்புக்கும் இதே சுழல்தான்.

ஆசனவாய்க் குழாயின் நீளம் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். அதன் நடுவே பல் பல்லாக ஒரு வரம்பு ஓடுகிறது. வரம்புக்குக் கீழே இருப்பது தோலின் உறவு. ஊசி முனை பட்டாலும் உயிர் போகும். வரம்புக்கு மேலே இருப்பது குடலின் உறவு. அங்கே நிரம்பிய உணர்வு தெரியும், விரிவது தெரியும். வெட்டும் கீறலும் வலியாகத் தெரியாது. மூலத்துக்கு ரப்பர் வளையம் மாட்டும் சிகிச்சையை மயக்க மருந்தில்லாமல் செய்ய முடிவது அதனால்தான். அந்த வசதிக்கு மறுபக்கம் உண்டு. மேலே ஏற்படும் கீறல் தன்னை அறிவிக்காது. ‘வலிக்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை’ என்ற கணக்கு அந்த இடத்தில் செல்லாது.

வலிக்கிற பகுதியையும் ஊமையாக்கும் மரப்பு மருந்துகளைத் தடவுவது இதைவிட மோசம். வலி என்பது உடம்பு போடும் கூச்சல். கூச்சலின் வாயைக் கட்டிவிட்டுத் தொடர்ந்தால் கிழிந்தது பிறகுதான் தெரியும். மலக்குடலும் நேர்க்குழாய் அல்ல. பன்னிரண்டு முதல் பதினைந்து சென்டிமீட்டர் நீளம், வளைவுகள் கொண்டது; கீழ் முனையில் கவண்வார் போல ஒரு தசை அதைப் பின்னாலிருந்து முன்னுக்கு இழுத்து மடக்கியிருக்கிறது. பலவந்தமும் அந்நியப் பொருள்களும் அந்த வளைவில்தான் மோதும். குடல் துளைபடுவது அரிது. நேர்ந்தால் வயிற்று வலி, காய்ச்சல், வயிறு பலகைபோல இறுகுவது என்று சில மணி நேரத்தில் உயிருக்கே வந்துவிடும். உள்ளே போய்ச் சிக்கிய பொருளை வீட்டில் தோண்டி எடுக்கப் பார்ப்பதும் ஆபத்தை இரட்டிப்பாக்கும். அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு இது புதிய காட்சியல்ல. வெட்கப்பட்டுக் காத்திருந்த ஒரு நாள்தான் அங்கே கேட்டை விளைவிக்கிறது.

ஒற்றை அடுக்குச் சுவர்

ஆபத்தின் மையம் சுவரில் இருக்கிறது. வாழைத்தடையை உரித்தால் மடல் மேல் மடலாக வரும். யோனியின் உட்சுவர் அப்படிப் பல அடுக்கு. மேலடுக்கு உரிந்தாலும் கீழே இன்னொன்று உண்டு. மலக்குடலின் உட்சுவர் வெங்காயத்தின் உள்தோல் போல ஒரே அடுக்குச் செல்கள். அதன் தொழிலே நீரை உறிஞ்சுவது. உராய்வைத் தாங்குவது அதற்கு விதிக்கப்பட்ட வேலையல்ல.

அந்த ஒற்றை அடுக்குக்குப் பின்னால் உடம்பு ஏராளமான காவலாளிகளை நிறுத்தியிருக்கிறது. கோடானுகோடி குடல் கிருமிகளோடு குடியிருக்கும் இடத்தில் அது அவசியம். எச்.ஐ.வி. குறிவைப்பது அந்தக் காவலாளிகளையே. சி.டி.4 என்ற அடையாளம் தாங்கிய வெள்ளணுக்கள், அதிலும் இந்தக் கிருமி எளிதாகப் பற்றிக்கொள்ளும் கைப்பிடி உள்ளவை, குடல் சுவரில் நெருக்கமாக இருக்கின்றன. வீட்டைக் காக்க நிறுத்தியவர்களையே கள்வன் பிடித்துக்கொள்கிறான், கதவும் மெல்லியது.

2014-ல் உலக ஆய்வுகளைத் தொகுத்துப் போட்ட ஒரு கணக்கு இந்த வித்தியாசத்தை எண்ணில் காட்டுகிறது. எச்.ஐ.வி. உள்ள, சிகிச்சை எடுக்காத ஒருவருடன் உறையின்றி 10,000 முறை உறவு நடப்பதாகக் கொள்வோம். ஆசனவாய் வழி உறவில் ஏற்றுக்கொள்பவருக்குத் தொற்றுவது ஏறத்தாழ 138 முறை. யோனி வழி உறவில் பெண்ணுக்கு 8 முறை. ஆசனவாய் வழி உறவில் செலுத்துபவருக்கு 11 முறை. யோனி வழி உறவில் ஆணுக்கு 4. ஊசியைப் பகிர்ந்துகொள்வதன் எண்கூட 63தான். இவை சராசரிகள். புண் இருந்தால் கூடும். தொற்று புதிதாக இருந்து ரத்தத்தில் கிருமி பெருகியிருந்தால் இன்னும் கூடும். இந்தியாவில் வயது வந்தோரிடையே எச்.ஐ.வி. விகிதம் 0.2% அளவில்தான் இருக்கிறது, கேரளத்தில் அதைவிடக் குறைவு. ஆனால் யாரிடம் இருக்கிறது என்பது முகத்தில் எழுதியிருப்பதில்லை. இருவரில் ஒருவருக்கும் எந்தத் தொற்றும் இல்லையென்றால், இந்த உறவு தானாக ஒரு கிருமியைப் படைக்காது. அப்போது எஞ்சுவது காயத்தின் கணக்கு மட்டும்.

பழைய பெயர்கள், பழைய நோய்கள்

எச்.ஐ.வி. இங்கே தெரியவந்து நாற்பது ஆண்டு என்றால் மற்றவற்றுக்கு நூற்றாண்டுகள். மேகவெட்டை, கிரந்தி, அரையாப்பு என்று சித்த மருத்துவம் வைத்த பெயர்கள் இன்னும் வழக்கில் உள்ளன. சிபிலிஸ் என்னும் நோய் போர்த்துக்கீசியர் வருகையோடு இந்தக் கடற்கரைக்கு வந்தது. அதனால் ‘பறங்கிப்புண்’ ஆயிற்று; அதற்குக் கொடுத்த கிழங்கு ‘பறங்கிப்பட்டை’. வடக்கே 16-ஆம் நூற்றாண்டின் பாவப்பிரகாசம் அதைப் பிரங்க நோய் என்றே எழுதிவைத்தது. வந்த நோயை வந்தவன் பெயரால் அழைப்பது உலக வழக்கம். வந்தவழியை ஆராய்வதுதான் அரிது.

பறங்கிப்புண்ணின் முதல் புண் பெரும்பாலும் வலிக்காது. ஆண்குறியில் வந்தால் கண்ணில் படும். ஆசனவாயில் வந்தால் படாது. சில வாரங்களில் தானாக ஆறியும் விடும். ஆறியது புண்தான், நோய் அல்ல. அது ரத்தத்தில் இறங்கி, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பாக, ஆண்டுகள் கழித்து இதயத்திலும் மூளையிலும் தலைகாட்டும். தொடக்கத்திலேயே பிடித்தால் ஒரே வேளை பென்சிலின் ஊசியில் தீர்கிற நோய் இது. வெட்டையும் (கொனோரியா) கிளமிடியாவும் மலக்குடலில் தங்கினால் பலருக்கு அறிகுறியே இருக்காது. இருப்பவருக்குச் சளிபோன்ற கசிவு, ரத்தம், வயிறு காலியான பிறகும் முக்கவைக்கும் உணர்வு. கிளமிடியாவில் ஒரு முரட்டு வகை அரையில் நெறிகட்டிப் பழுக்கும். நம் முன்னோர் அரையாப்பு என்று சொன்னவற்றில் அதுவும் ஒன்று.

இங்கே மருத்துவர்களுக்கே தவறிப்போகும் நுட்பம் ஒன்று. சிறுநீரைச் சோதித்தால் மலக்குடலில் உள்ள வெட்டை தெரியாது. கிருமி எங்கே இருக்கிறதோ அங்கிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்துச் சோதிக்க வேண்டும். எங்கே உறவு நடந்தது என்று நோயாளி சொல்லாவிட்டால், சிறுநீர் அறிக்கை ‘ஒன்றுமில்லை’ என்று வரும்; நோய் உள்ளே இருக்கும்; அடுத்தவருக்குப் போகும்.

குடல் கிருமிகளின் பாதை வேறு. கேரளத்தில் மழைக்குப் பிறகு மஞ்சப்பித்தம் பரவும்போது கிணற்று நீரைக் கொதிக்கவைக்கச் சொல்வார்கள். ஹெப்படைட்டிஸ் ஏ மலத்திலிருந்து வாய்க்குப் போகும் வைரஸ். நீர் வழியாகப் போகலாம்; ஆசனவாயில் வாய் வைப்பதாலும் போகலாம். சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லா, அமீபா, ஜியார்டியா எல்லாவற்றுக்கும் இதே வழி. ஹெப்படைட்டிஸ் பி ரத்தத்திலும் உடல் நீர்களிலும் பரவும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, சின்ன வயதில் போடாத பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம். பெண்களுக்கு இன்னொரு கண்ணி. ஆசனவாயிலிருந்து உறை மாற்றாமல், கழுவாமல் யோனிக்கு வந்தால், குடலில் சாதுவாக இருக்கும் ஈ-கோலை கிருமி சிறுநீர்ப் பாதையில் நீர்க்கடுப்பாக உருவெடுக்கும்.

பத்து ஆண்டு கழித்து வரும் செய்தி

கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸைப் பற்றி இப்போது பலருக்குத் தெரியும். அந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானியர் ஹரால்டு சுர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆசனவாய்ப் புற்றுநோயிலும் பத்தில் ஒன்பதுக்குக் காரணம் இதே வைரஸ், குறிப்பாக அதன் 16-ஆம் வகை. ஒரு வகைத் திசு இன்னொரு வகைத் திசுவோடு சேரும் விளிம்பு இந்த வைரஸுக்குப் பிடித்த இடம். கருப்பை வாயில் அப்படியொரு விளிம்பு. ஆசனவாயில் முன்பு சொன்ன பல்வரிசை வரம்பு. தொற்று தோலோடு தோல் உரசிப் பரவுவதால் ஆசனவாய் உறவே இல்லாதவர்களுக்கும் வரலாம். ஆசனவாய்ப் புற்றுநோய் என்ற ஒரே காரணத்தால் ஒருவரின் வாழ்க்கையை ஊகிப்பது அறியாமை.

பொதுமக்களிடையே இந்தப் புற்றுநோய் அரிது. ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர், இருவர். எச்.ஐ.வி. உள்ள, ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடம் அது பல மடங்கு. எதிர்ப்பாற்றல் குறையும்போது வைரஸைத் துடைத்தெறிய உடம்பால் முடிவதில்லை. அமெரிக்காவில் எச்.ஐ.வி. உள்ள 4,400-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வு, புற்றாக மாறுவதற்கு முந்திய நிலையிலேயே மாறுதல்களை அகற்றினால் புற்றுநோய் 57% குறைகிறது என்று காட்டியது. முற்றுமுன் பார்த்தால் சிகிச்சையும் எளிது. 1974-ல் டெட்ராய்ட்டின் நார்மன் நைக்ரோ மருந்தையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பிறகுதான், ஆசனவாயையே வெட்டி எடுத்து வயிற்றில் பை மாட்டும் அறுவை பெரும்பாலோருக்குத் தேவையற்றதாயிற்று.

இதற்கும் தடுப்பூசி இருக்கிறது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவாக் 2022-ல் அனுமதி பெற்றது. ஒன்பது முதல் இருபத்தாறு வயது வரை பெண்களுக்கும் ஆண்களுக்கும் போடலாம். 16, 18 வகைகளோடு மருக்களை உண்டாக்கும் 6, 11 வகைகளையும் அது தடுக்கும். உறவு தொடங்குமுன் போட்டால் பலன் முழுமை. ‘பெண்பிள்ளைகளுக்கான ஊசி’ என்று நம் ஊரில் பெயராகிவிட்டதால் பையன்களை யாரும் கூட்டிக்கொண்டு போவதில்லை.

நாளடைவில் அந்தச் சுருக்குப்பையின் கயிறுகளுக்கு என்ன ஆகும்? அமெரிக்க தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின் 2009–10 விவரங்களை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். மலக்கசிவு, ஆசனவாய் உறவு கொண்டதாகச் சொன்ன பெண்களில் 9.9%, இல்லாதவர்களில் 7.4%. ஆண்களில் 11.6%, 5.3%. வித்தியாசம் இருக்கிறது; ஆனால் அப்படிச் சொன்னவர்களிலும் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேருக்கு அந்தத் தொல்லை இல்லை. வயது, பிரசவம், பேதி ஆகியவையும் அதே தொல்லையைத் தருபவை. பெண்களின் சுருக்குத்தசை இயல்பிலேயே வலுக்குறைவு. பிரசவத்தில் கிழிந்திருந்தால் இன்னும் குறைவு. 2022 ஆகஸ்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய இரு அறுவை மருத்துவர்கள், இளம்பெண்களிடம் இதைப் பேசத் தயங்குவதால் மருத்துவர்களே அவர்களைக் கைவிடுகிறார்கள் என்றனர்.

மூலம் என்னும் முகமூடி

களியக்காவிளையில் தமிழ்நாடு–கேரள எல்லையைத் தாண்டினால் பலகைகளின் எழுத்து மாறும், சரக்கு மாறாது. இந்தத் தமிழ்நாட்டுப் பக்கம் ‘மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்’. அந்தப் பக்கம் மலையாளத்தில் மூலக்குரு, அர்சஸ். மின்கம்பத்திலும் பேருந்து நிலையச் சுவரிலும் ஒட்டியிருக்கும் இந்தச் சீட்டுகள் ஒரு சமூக உண்மையைச் சொல்கின்றன. உடம்பின் அந்தப் பகுதியில் என்ன வந்தாலும் நமக்கு ஒரே பெயர், மூலம். ரத்தம் வந்தால் மூலம், சீழ் வந்தால் மூலம், கட்டி தட்டுப்பட்டால் மூலம், அரித்தால் மூலம்.

இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் வெடிப்பு இருக்கலாம், பறங்கிப்புண் இருக்கலாம், வெட்டை, மரு, புற்றுநோய் எதுவும் இருக்கலாம். மூலம் என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள் என்பதே அதன் வசதி. கேட்காத சீட்டு வைத்தியர் கை சீழை மறைக்கும் களிம்பையோ, புண்ணை அரிக்கும் காரத்தையோதான் எடுக்கும். பறங்கிப்புண் தானாக ஆறும் வாரங்களில் ‘மருந்து வேலை செய்தது’ என்ற நற்பெயரும் அவருக்குக் கிடைத்துவிடும்.

மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், மலம் கழிக்காதபோதும் வரும் ரத்தம், கசியும் சீழ் அல்லது சளி, விரலுக்குத் தட்டுப்படும் கெட்டியான திரட்சி, அரையில் நெறி, காரணமில்லாமல் மலப்பழக்கம் மாறுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் படித்த மருத்துவர் கையுறை போட்டு விரலால் பார்த்தாக வேண்டும். அரை நிமிடச் சோதனை. பாறசாலை தாலுகா மருத்துவமனை, நெய்யாற்றின்கரைப் பொது மருத்துவமனை, இந்தப் பக்கம் குழித்துறை அரசு மருத்துவமனை எதுவும் ஒரு பேருந்துத் தூரம்தான். மேற்கொண்டு தேவைப்பட்டால் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும் மண்டலப் புற்றுநோய் மையமும், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன.

தடுக்கும் வழிகள்

வழுக்கலுக்கு நீர் அடிப்படையிலான அல்லது சிலிக்கோன் அடிப்படையிலான ஜெல். தேங்காய் எண்ணெய் அடுக்களையிலேயே இருக்கட்டும். நீர் ஜெல்லிலும் தரம் உண்டு: இனிப்பும் கிளிசரினும் மிகுந்தால் அது ஒற்றை அடுக்குச் செல்களிலிருந்து நீரை உறிஞ்சி அவற்றை வாடவைக்கும், உப்பில் போட்ட மாங்காய் சுருங்குவது போல. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் இவற்றின் கரைபொருள் செறிவுக்கு உச்சவரம்பு வகுத்திருக்கிறது. சோப்பு நீரோ டெட்டாலோ உள்ளே செலுத்திக் கழுவுவதும் அந்த அடுக்கையே உரித்துவிடும். சுத்தம் என்று நினைத்துக் கதவைப் பெயர்த்துவிடுகிறோம்.

உறை எச்.ஐ.வி.யையும் வெட்டையையும் பெரிதும் தடுக்கும். தோலுரசிப் பரவும் எச்.பி.வி., பிறப்புறுப்பு அக்கி (ஹெர்பிஸ்), பறங்கிப்புண் ஆகியவற்றை ஓரளவே தடுக்கும். உறை கிழிந்துவிட்டது, எதிரில் இருப்பவரின் நிலை தெரியவில்லை என்றால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் சில மணி நேரத்துக்குள், அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 28 நாள் மாத்திரை எச்.ஐ.வி. வேரூன்றாமல் தடுக்கும். நான்காவது நாள் போனால் அந்த வாய்ப்பு இல்லை. அடிக்கடி ஆபத்துக்கு ஆளாகிறவர்களுக்கு முன்கூட்டியே எடுக்கும் தடுப்பு மாத்திரையும் உண்டு.

எச்.ஐ.வி. உள்ளவர்கள் மருந்தைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உறவின் வழியாக அது யாருக்கும் பரவாது. ஐரோப்பாவில் 782 ஆண் இணைகள் உறையின்றி ஏறத்தாழ 76,000 முறை ஆசனவாய் உறவு கொண்டதைக் கணக்கிட்டு 2019-ல் ஓர் ஆய்வு வெளியானது. இணையிடமிருந்து தொற்றியது ஒருமுறைகூட இல்லை. 10,000-க்கு 138 என்ற அந்தப் பயங்கர எண்ணைப் பூஜ்யமாக்கியது மாத்திரை.

ஒப்புதல் இல்லாத உறவில் தசை தளராது, வழுக்கல் இராது, உறையும் இராது. மேலே சொன்ன ஆபத்துகள் அத்தனையும் ஒன்றாக வந்து சேரும். 2013-ன் சட்டத் திருத்தம் முதல், பெண்ணின் சம்மதமின்றி ஆசனவாய் வழி நடப்பதும் வன்புணர்வு. கணவன் செய்தால் அந்தச் சட்டம் விலக்குத் தந்தாலும், 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறையாகவே எண்ணுகிறது. பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. பாதிக்கப்பட்டவருக்கு இலவசமாக, உடனே சிகிச்சை தருவது எந்த மருத்துவமனைக்கும் சட்டக் கடமை.

எல்லையின் இரு பக்கம்

1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு வட்டம் இன்றைய தமிழ்நாட்டுக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பேச்சிலும் திருமணத்திலும் சந்தையிலும் அந்தக் கோடு இன்றும் சரியாக விழவில்லை. எச்.ஐ.வி. சோதனை மையத்துக்குப் பாறசாலைப் பக்கம் பெயர் ‘ஜோதிஸ்’, குழித்துறைப் பக்கம் ‘நம்பிக்கை மையம்’. இரண்டிலும் இலவசம். சொந்த ஊரில் தெரிந்த முகத்தைப் பார்க்கத் தயங்குகிறவருக்கு எல்லை ஒரு வசதி: ஒரு சின்னப் பேருந்துப் பயணத்தில் வேறொரு மாநிலத்தின் வரிசையில் நிற்கலாம். 1097 என்ற இலவச எண் இரு பக்கமும் ஒன்றுதான்.

முன்பு தயக்கத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். 1860-ன் இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு இந்த உறவையே குற்றமாக்கியிருந்தது. மருத்துவரிடம் உண்மை சொல்வதே ஒப்புதல் வாக்குமூலம் போல. 2001-ல் நாஸ் அறக்கட்டளை டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனதும், எச்.ஐ.வி. தடுப்புப் பணிக்கு அந்தப் பிரிவு தடை என்று சொல்லித்தான். 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் வயதுவந்தோர் சம்மதத்துடன் கொள்ளும் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 10-ல், எச்.ஐ.வி. சட்டம் நடைமுறைக்கு வந்தது: சம்மதமின்றிச் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியிடக் கூடாது, பாகுபாடு காட்டக் கூடாது.

சட்டம் வழிவிட்டது, நாக்கு இன்னும் விடவில்லை. மருத்துவர் முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: “எனக்கு ஆசனவாய் வழி உறவு உண்டு; அங்கேயும் சோதிக்க வேண்டுமா?” யாரோடு, ஏன் என்பதெல்லாம் சிகிச்சைக்குத் தேவைப்படாது. அந்த ஒரு வாக்கியம் இருந்தால் பஞ்சுக்குச்சி சரியான இடத்துக்குப் போகும், புண்ணுக்கு மூலக் களிம்புக்குப் பதில் பென்சிலின் கிடைக்கும்.

நாளைக்கும் விடியுமுன் வெள்ளறடையில் விளக்குகள் நகரும். கத்தி பட்டையில் இறங்கும், படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிற்கும். எங்கே நிற்க வேண்டும் என்பதை வெட்டுகிறவர் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டுத்தான் கற்றிருப்பார்.